பாதி மறைந்த சாலை

நாகசாகி, ஜூன் 12

அன்புள்ள கஸுஹிகோவுக்கு,

மழை பிடித்துக்கொண்டது. நீங்கள் சப்போரோவிலிருந்து அனுப்பிய உருளைக்கிழங்கு நனையாமல் வந்து சேர்ந்தது. கைப்பேசியில் பதில் இல்லை என்று கோபம் வேண்டாம். அந்த வெளிச்சத்தைப் பார்த்தாலே குமட்டுகிறது. அதனால்தான் கடிதம்.

செவ்வாய்க்கிழமை பேருந்து ஓட்டும்போது கண்ணுக்குள் வெள்ளிக் கோடுகள் கோணல்மாணலாக மின்னின. சாலையில் பாதி காணாமலே போயிற்று. ஓரங்கட்டிவிட்டேன். "என்னம்மா, டிரைவருக்கே தூக்கமா?" என்று ஒரு கிழவர் சிரித்தார். பார்வை திரும்பியதும் மண்டையைப் பிளக்கிற வலி. பணிமனையில் வயிற்றுக் கோளாறு என்று சொல்லிவிட்டேன். அப்பா மூளையில் ரத்தம் கசிந்து விழுந்தபோது அவருக்கு என் வயதுதான். பயமாக இருக்கிறது.

உங்கள்
சதோமி

சப்போரோ, ஜூன் 20

அன்புள்ள சதோமி,

நீ வீணாகப் பயப்படுகிறாய். அந்த மலைச் சாலைகளில் நாளெல்லாம் வண்டி ஓட்டினால் தோள் இறுகித் தலை வலிக்கத்தான் செய்யும். இங்கே எங்கள் அலுவலகத்தில் யாருக்குத்தான் தலைவலி இல்லை? வெந்நீரில் ஊறு, தூங்கு. எத்தனை முறை சொல்லிவிட்டேன், கணவன் மனைவி ஆளுக்கொரு ஊரில் இருக்க வேண்டாம், வேலையை விட்டுவிட்டு இங்கே வந்துவிடு என்று.

கஸுஹிகோ

நாகசாகி, ஜூலை 28

அன்புள்ளவருக்கு,

கண் மருத்துவர் கண்ணில் குறையில்லை என்றார். இன்னொருவர் தோளுக்குப் பற்றுப் போடச் சொன்னார். அதற்குள் வீட்டில் மறுபடி வலி வந்து, குளியலறைத் தரையிலேயே கிடந்தேன். முதுகுக்குப் பின்னால் நாற்பது உயிர் உட்கார்ந்திருக்க, இனி மறைக்கக்கூடாது என்று பணிமனையில் உண்மையைச் சொன்னேன். வண்டியை வாங்கிக்கொண்டு பயணச்சீட்டு அறையில் உட்காரவைத்துவிட்டார்கள்.

கடைசியில் தலைவலிக்கென்றே இருக்கும் மருத்துவர் மினகாவா அம்மாவிடம் போனேன். ஸ்கேன் எடுத்துவிட்டு வெளியே காத்திருந்தபோது அப்பாவையே நினைத்துக்கொண்டிருந்தேன். "மூளையில கோளாறு இல்ல. இது மைக்ரேன், ஒத்தத் தலைவலி. அந்தக் கோடுங்கதான் அது வர்றதுக்கு முன்னாடி குடுக்கற தகவல். நீங்க கற்பனை பண்ணலம்மா" என்றார். அங்கேயே அழுதுவிட்டேன்.

தொலைபேசியில் சொன்னதும் நீங்கள் என்ன சொன்னீர்கள்? "அப்பாடா, ஒண்ணுமில்லையா!" போனை வைத்துவிட்டேன்.

சதோமி

சப்போரோ, ஆகஸ்ட் 9

சதோமிக்கு,

நீ போனை வைத்த பிறகு வேலை ஓடவில்லை. பக்கத்து மேசை ஒனோதெராவின் மனைவிக்கும் இதே நோயாம். "வலி வந்தா வீட்ல ஃபிரிட்ஜ் கதவைக்கூட மெதுவாத்தான் சாத்துவோம்" என்றான். எப்படி வலிக்கிறது என்று உன்னை நான் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன், எழுது. வேலையை விடு என்று இனி எழுதமாட்டேன்.

உன்
கஸுஹிகோ

நாகசாகி, நவம்பர் 30

அன்புள்ள கஸுஹிகோவுக்கு,

எப்படி வலிக்கிறது என்றால், கண்ணுக்குப் பின்னால் யாரோ சம்மட்டியால் அடிப்பது போல. படிக்கட்டில் ஏறினால் அடி இன்னும் பலமாக விழும்.

முதல் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, மாற்றினார்கள். மாதாமாதம் ஊசி. முதல் மாதம் ஒரு மாற்றமும் இல்லை, நம்பிக்கையே போய்விட்டது. இப்போது வருவது குறைந்திருக்கிறது. வந்தாலும் உடனே மாத்திரை போட்டால் எழுந்து நடமாட முடிகிறது. வண்டியைத் திரும்பத் தருவார்களா என்று வசந்தத்தில்தான் சொல்வார்களாம். அதுவரை, தண்ணீரில் வெயில் பளிச்சிட்டால்கூட, கோடுதானோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

புத்தாண்டுக்கு வாருங்கள். சன்னல் திரை மூடியிருந்தால் மணி அடிக்காதீர்கள். விளக்குப் போடாமல் வந்து பக்கத்தில் உட்காருங்கள். ஒன்றும் பேச வேண்டாம்.

உங்கள்
சதோமி