நீங்கள் கடைசியாகச் சொன்னது

என் செல்ல அப்பாவுக்கு,

உங்கள் நீல ஜாக்கெற் தொங்குகிற குளோசற்றுக்குள் இருந்துதான் இதை எழுதுகிறேன். கதவைச் சாத்திக்கொண்டு லைற்றைப் போட்டால் வெளியே தெரியாது. அம்மாவும் தம்பியும் படுத்துவிட்டார்கள். உங்கள் தூண்டில் தடி என் தோளில் சாய்ந்து நிற்கிறது. ஜாக்கெற்றில் இன்னும் உங்கள் மணம் இருக்கிறது. தினமும் கொஞ்சம் குறைகிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது அப்பா. ஞாயிற்றுக்கிழமை மாமி வருகிறார். அதற்கு முன் உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததையே சொல்கிறேன் என்று சிரிக்காதீர்கள். ஒழுங்காகச் சொல்லிப் பார்த்தால்தான் எனக்குப் பயம் குறையும்.

கொழும்பில் கந்தோரில் கதிரையில் இருந்து கணக்குப் பார்த்தவர் நீங்கள். மீனைச் சட்டியில் மட்டும் கண்டவர். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்து, பெட்டி செய்கிற தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று வேலை செய்யும்போதுதான், கூட வேலை செய்த ஒருவர் தன் பழைய தடியை உங்களுக்குத் தந்தார். அதை என்ன செய்வது என்று உங்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நான் பள்ளிக்கூட நூலகத்தில் இருந்து அட்டையில் பெரிய பாஸ் மீன் படம் போட்ட புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தேன். நான் இங்கிலீஸில் வாசித்துத் தமிழில் சொல்வேன். நீங்கள் சோபாவில் இருந்தபடி கையால் செய்து பார்ப்பீர்கள்.

காற்றே இல்லாத வெயில் நாட்களில் பாஸ் பிடிப்பது எப்படி என்ற அத்தியாயத்தைத்தான் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்வீர்கள். கோடையில் தொழிற்சாலையை மூடும்போதுதான் உங்களுக்கு லீவு. அந்த நாட்களெல்லாம் அப்படித்தான் இருந்தன. ஒரு இலை அசையாது. தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடக்கும். அப்படியான நாளில் மீனுக்கு எல்லாம் தெரியும், எல்லாம் கேட்கும் என்று புத்தகம் சொன்னது. கரையில் காலடிச் சத்தம் கேட்கக் கூடாது. நம் நிழல் தண்ணீரில் விழக் கூடாது. தூண்டில் நூல், அந்தத் தங்கூசி, மெல்லியதாக இருக்க வேண்டும். தூர நின்று தூண்டிலை எறிய வேண்டும்.

நீங்கள் ஹோலில் நின்று அம்மாவின் செருப்புக்குக் குறிவைத்து எறிந்து பழகினீர்களே, நினைவிருக்கிறதா?

"வீட்டுக்குள்ளை மீன் பிடிக்கிற மனுசனை நான் இப்பதான் பாக்கிறன்" என்றார் அம்மா.

"செருப்புக் கடிக்கிற மாதிரித் தெரியுது, சத்தம் போடாதையும்" என்றீர்கள் நீங்கள்.

விடியற்காலையில் சுப்வே எடுத்து, ஃபெரி ஏறித் தீவுக்குப் போவோம். தீவின் உள்வாய்க்காலில், வில்லோ மரத்தின் கொப்புகள் தண்ணீரைத் தொடுகிற இடம்தான் எங்கள் இடம். வெயில் ஏற முன்னர் தூண்டிலில் றப்பர்த் தவளை. அதன் கொக்கி இரண்டும் முதுகோடு ஒட்டியிருப்பதால் அல்லி இலைகளுக்கு மேலால் சிக்காமல் வரும். வெயில் ஏறிய பிறகு மீன் நிழலுக்குள் போய்விடும். அப்போது ஊதா நிற றப்பர்ப் புழு. கொக்கியின் முனையைப் புழுவுக்குள்ளேயே ஒளித்துப் பூட்டி, புல்லுக்குள் மெதுவாக இறங்க விடுவோம். இறங்கும்போதுதான் கடிக்கும். தங்கூசி கொஞ்சம் பக்கமாக நகர்ந்தால் அதுதான் மீன். நீங்கள் தங்கூசியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கண்ணே இமைக்க மாட்டீர்கள்.

தவளைக்கு மட்டும் ஒரு விதி இருந்தது. அது தண்ணீரில் விழுந்ததும் வளையங்கள் போகும். அந்த வளையங்கள் எல்லாம் அடங்கும்வரை தவளையை அசைக்கக் கூடாது. விழுந்த சத்தத்துக்கு விலகிப் போன மீன், அது என்ன என்று பார்க்கத் திரும்பி வரும். தண்ணீர் பழையபடி ஆனதும் தடி நுனியால் ஒரு சின்னச் சுண்டல். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. புத்தகத்தில் இருந்து அதை வாசித்துச் சொன்னவளே நான்தான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

அன்றைக்கும் சொன்னீர்கள்.

இடது கை உளைகிறது என்று தடியை என்னிடம் தந்துவிட்டு, எனக்குப் பின்னால் கவிழ்த்து வைத்த வாளியில் இருந்தீர்கள். நான் எறிந்தேன். தவளை நல்ல இடத்தில், இரண்டு இலைகளுக்கு நடுவில் விழுந்தது. நான் உடனே சுண்டப் போனேன்.

"அவசரப்படாதை, தாரு. வளையம் அடங்கட்டும்."

நான் அடங்க விட்டேன் அப்பா. எல்லா வளையமும் போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். கடைசி வளையம் கரைக்கு வந்து புல்லில் பட்டது. பிறகு "இப்ப இழுக்கவோ?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தபோது நீங்கள் வாளிக்குப் பக்கத்தில் புல்லில் படுத்திருந்தீர்கள். பகிடி என்றுதான் முதலில் நினைத்தேன்.

நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில் நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்களா? எனக்குக் கேட்காமல் போயிற்றா? நான் ஓடிப்போய் ஆட்களைக் கூட்டிவந்தபோது உங்களுக்குத் தெரிந்ததா?

பிறகு எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். உங்களோடு நின்றவள் நான் மட்டும்தானே. "அப்பா கடைசியா என்ன சொன்னவர்?" முன்பின் தெரியாத ஆட்களும் உங்களை வைத்திருந்த மலர்ச்சாலையில் என் தலையைத் தடவிக் கேட்டார்கள். அவர்களிடம் எப்படி மீனையும் வளையத்தையும் சொல்வது? நான் அழுதேன். அழுதால் விட்டுவிடுவார்கள்.

மாமி விடவில்லை. மாமி கெட்டவர் இல்லை அப்பா, அது உங்களுக்குத் தெரியும், உங்கள் தங்கச்சிதானே. என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவரும் அழுதார். "அண்ணை என்னட்டைச் சொல்லாமல் போயிட்டார். உன்னட்டை ஏதும் சொன்னவரோ குஞ்சு? உங்களை எல்லாம் என்னோட அஜக்ஸிலை வந்து இருக்கச் சொன்னவரோ?"

நான் தலையாட்டினேன். மாமி அழுவதை நிறுத்த வேண்டும் என்று மட்டும்தான் ஆட்டினேன்.

அந்த ஒரு தலையாட்டல் அன்றிரவே கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ரெலிபோனில் போய்விட்டது. முப்பத்தோராம் நாள் நினைவுக்கு அச்சடித்த கல்வெட்டுப் புத்தகத்தில் அதைப் பாட்டாகவே போட்டுவிட்டார்கள். நீங்கள் சாகும்போது எங்களைத் தங்கையின் கையில் பிடித்துக் கொடுத்தீர்களாம். உங்கள் கையில் அப்போது ஒன்றும் இருக்கவில்லை. தடிகூட என்னிடம்தான் இருந்தது.

நகரத்துக்கு வெளியே அஜக்ஸில், மாமியின் புது வீட்டில், நிலத்துக்குக் கீழே இருக்கிற பேஸ்மென்ற் எங்களுக்கு. மாமா சுவருக்குப் பெயின்ற் அடித்து வைத்திருக்கிறார். அம்மாவுக்குப் போக விருப்பம் இல்லை. அவர் அதைச் சொல்லவில்லை, ஆனால் எனக்குத் தெரியும். லோறன்ஸ் வீதியில் இருக்கிற தையல் இடத்துக்கு அம்மா நடந்தே வேலைக்குப் போகிறார். சுப்பவைசருடன் இங்கிலீஸில் வாய் காட்டுகிறார். அஜக்ஸில் இறங்கினால் மாமி காரில் ஏற்றினால்தான் கடைக்கும் போகலாம். கீழ்வீட்டு அன்ரி "ஏன் போறீர்?" என்று கேட்டபோது, "அவர் கடைசியாச் சொன்னது. நான் எப்பிடி மீறுறது?" என்றார் அம்மா. பிறகு குசினிக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார். பைப் சத்தத்துக்குள் அழுவதற்கு.

பெட்டிகள் கட்டியாகிவிட்டன. நேற்று அம்மா என்னிடம் வந்து, "போக முன்னம் அந்த இடத்தை நான் ஒருக்காப் பாக்கோணும்" என்றார்.

இன்று காலை தம்பியைக் கீழ்வீட்டு அன்ரியிடம் விட்டுவிட்டுப் போனோம். வெளிக்கிடும்போது நான் தடியை எடுக்கவில்லை. அம்மாதான் எடுக்கச் சொன்னார். "சும்மா தண்ணியைப் பாத்துக்கொண்டு நிக்க என்னாலை ஏலாது."

அன்றைக்கு மாதிரியே இருந்தது அப்பா. காற்று இல்லை. வில்லோ மரம் தண்ணீருக்குள் தலைகீழாக நின்றது. அம்மா கரையோரம் வந்து எட்டிப் பார்த்தார். "பின்னாலை நில்லுங்கோ அம்மா, உங்கடை நிழல் விழுந்தால் மீன் பயந்து ஓடிப்போகும்" என்றேன்.

"என்ரை நிழலுக்கு மீன் பயப்பிடுதோ? வீட்டிலை ஒருத்தரும் என்னட்டைப் பயப்பிடுறேல்லை."

ஆனாலும் பின்னால் போய் நின்றார். நீங்கள் இருந்த இடத்தில். நான் காட்டவில்லை. அவரே அங்கேதான் போனார்.

நான் தவளையை எறிந்தேன். வளையங்கள் போகத் தொடங்கின.

"ஏன் இழுக்காமல் நிக்கிறாய்?"

"வளையம் அடங்கோணும் அம்மா."

"ஆர் சொன்னது?"

தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னேன். "அப்பா. அப்பா கடைசியாச் சொன்னது உதுதான். அஜக்ஸ் எண்டு ஒண்டும் சொல்லேல்லை. மாமி கேக்க நான் தலையாட்டினனான்."

திரும்பிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. முன்னர் ஒருமுறை அந்த இடத்தில் திரும்பிப் பார்த்தவள்தானே நான்.

"என்ரை பேரைச் சொல்லேல்லையோ?" என்று கேட்டார்.

"இல்லை அம்மா."

"ஒருக்காவும்?"

அப்பா, ஒருமுறை சொல்லியிருக்கலாமே? நான் தண்ணீரைப் பார்த்த நேரத்தில், எனக்குக் கேட்காமல், உள்ளுக்குள் என்றாலும் சொன்னீர்களா? சொன்னீர்கள் என்று அம்மாவுக்குச் சொல்ல வாய் வரை வந்தது. இன்னொரு பொய் சொல்லப் பயந்து விழுங்கிவிட்டேன்.

திடீரென்று பின்னால் ஒரு சத்தம். அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு. "அந்த மனுசன் வேறை என்னத்தைச் சொல்லியிருக்கும்? தாலி கட்டின கையோட என்னட்டைக் கேட்ட முதல் கதை, 'உந்த மின்விசிறி வேலை செய்யுதோ' எண்டுதான்."

பிறகு, "இன்னொருக்கா எறி" என்றார்.

நான் எறிந்தேன். இருவரும் வளையங்களைப் பார்த்தோம். அடங்கியதும் மெதுவாகச் சுண்டினேன். தண்ணீர் வெடித்தது! பாஸ் தவளையோடு வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தது. அப்போதும் இழுக்கக் கூடாது, பாரம் கையில் தெரியும்வரை பொறுக்க வேண்டும். ஆனால் அம்மா, "இழு பிள்ளை, இழு! இழு!" என்று தீவு முழுக்கக் கேட்கக் கத்தினார். நான் இழுத்துவிட்டேன். தவளை எங்கள் தலைக்கு மேலால் பறந்துபோய் வில்லோ மரத்தில் தொங்கியது. மீன் போய்விட்டது. அம்மா புல்லில் குந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் எப்போது அழத் தொடங்கினார் என்று எனக்குத் தெரியவில்லை. நான் பக்கத்தில் போய் இருந்தேன். தவளை இன்னும் அந்த மரத்தில்தான் தொங்குகிறது. எட்டவில்லை.

பின்னேரம் அம்மா மாமிக்குப் போன் எடுத்தார். நான் குசினி வாசலில் நின்றேன்.

"மச்சாள், நாங்கள் வரேல்லை."

அந்தப் பக்கம் மாமியின் குரல் எனக்கே கேட்டது. என்ன சொல்கிறார் என்று தெரியவில்லை. அழுகிறார் என்று மட்டும் தெரிந்தது.

"ஓம், அவர் சொன்னவர்தான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. நான்தான் கேக்கேல்லை எண்டு வையுங்கோவன். அவர் இருக்கேக்கை மட்டும் சொன்னதெல்லாம் கேட்டனானே?"

வைத்துவிட்டுத் திரும்பியவர் என்னைக் கண்டார். "என்ன பாக்கிறாய்? போய்த் தம்பியைக் குளிக்க வார்."

அவ்வளவுதான். என் பெயரை அவர் எடுக்கவே இல்லை. இனி ஊர் முழுக்க அம்மாவைத்தான் பேசுவார்கள். புருசன் சாகும்போது சொன்னதை மதிக்காதவள் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மாமி நேரில் வந்து கேட்கப் போகிறார். அப்போதும் அம்மா என்னைப் பின்னால் விட்டுத் தான் முன்னால் நிற்பார். எனக்கு அது தெரியும்.

அதனால்தான் அப்பா, படுக்க முடியாமல் எழும்பி வந்து இதை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கதவை நான்தான் திறப்பேன். அம்மா வாய் திறக்க முன்னர், நீங்கள் சொன்னதை மாமிக்குச் சொல்வேன். சொன்னபடியே, ஒரு சொல் கூட்டாமல். மாமி அழுவார், என்னை ஏசுவார், அங்கேயும் இங்கேயும் போன் எடுப்பார். நான் குளோசற்றுக்குள் ஓடி வர மாட்டேன். எல்லாம் அடங்கும்வரை அந்த இடத்திலேயே நிற்பேன். பயமாகத்தான் இருக்கும். ஆனாலும் நிற்பேன், சத்தியமாக.

நீங்கள் சொன்னதை இந்த முறையும் கேட்கிற,
உங்கள் மூத்த பிள்ளை
தாரு