பால் போத்தலில் தொண்ணூறு மில்லி

செவ்வாய், நவம்பர் 4. இரவு 12.40

இந்த நேரத்தில் எழுதுவதற்கு இந்த நோட்டிடமே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வேறு நேரம் வாய்க்கவில்லை. பாப்பா இப்போதுதான் அசந்தாள். ஆறு மணிக்குப் பிடித்த மழை, இன்னும் தூறல். துணி மூன்று நாளாகக் காயவில்லை.

நோட்டு கு.-வுடையது. முன்பக்கத்திலிருந்து அவருடைய மோட்டார் குறிப்பு: எத்தனை கிலோமீட்டர், என்றைக்கு எண்ணெய் மாற்றியது, எந்தப் பிளக். நான் பின்பக்கத்திலிருந்து. அவர் கடைசித் தாளைப் புரட்டும் ஆள் இல்லை. கு. என்றால் குமரன், என் வீட்டுக்காரர். முழுப் பெயரை எழுதினால் யாரோ எட்டிப் பார்ப்பது போல இருக்கிறது.

விஷயம் மோட்டார்தான், அவருடைய மோட்டார் சைக்கிள். அவர் மாமா வைத்திருந்த எண்பதுகளின் ஜப்பான் வண்டி, டர்போ. இருபது வருஷம் படுதாவுக்குள் கிடந்ததை கு.-வும் தினேஷ் அண்ணனும் சேர்ந்து எழுப்பினார்கள். தினேஷ் அண்ணன் பொமென், மோட்டார் பழுது பார்ப்பவர். மேரு பக்கம் சொந்தமாக மோட்டார் ஒர்க்‌ஷாப். ஃபாரம் ஒன்னிலிருந்து இருவரும் ஒரே பெஞ்சு. தினமும் கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்கு கு. இந்த வண்டியில்தான் போய் வருகிறார்.

டர்போ என்றால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். "புகை வெளிய போற வேகத்துல ஒரு குட்டி விசிறி சுத்தும் காயு. அது காத்த அமுக்கி இன்ஜின் உள்ள தள்ளும். அந்த விசிறி நிக்கிறதே எண்ணெய் மேலதான். எண்ணெய் இல்லன்னா அரை நிமிஷம், முடிஞ்சிச்சு." சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு அந்த அரை நிமிஷம் மட்டும் தங்கிவிட்டது.

தீபாவளி கழிந்து முதல் சொட்டு. போர்ச் டைல்ஸில், பத்து காசு அளவு. டர்போவுக்கு எண்ணெய் போகும் மெல்லிய குழாய், அதன் மூட்டில் செம்பு வாஷர் தேய்ந்திருந்தது. தினேஷ் அண்ணன் மாற்றினார், எண்ணெயும் புதிதாக ஊற்றிக் கொடுத்தார். நாலு நாள் சுத்தம். பிறகு மறுபடி ஒழுகல். இப்போது வேறு இடத்திலிருந்து.

இன்ஜினின் வலப்பக்கம் வட்டமாக ஒரு கண்ணாடி ஜன்னல், இரண்டு கோடு. எண்ணெய் இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். வண்டி ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்த மறுநாளே பார்த்தேன். கோசோங். ஒன்றுமே இல்லை. அதனால் 25-ஆம் தேதியிலிருந்து தினமும் காலை 6.10-க்கு, அவர் குளிக்கும்போது, நான் ஊற்றுகிறேன். பாப்பாவின் பழைய பால் போத்தல், அதில் அளவுக் கோடு இருக்கிறது. 90 மி.லி. நானே போய் வாங்கிய எண்ணெய், அதே நம்பர். ஒளித்து வைத்திருப்பது வீட்டுப் பின்பக்கம், வாஷிங் மெஷின் பின்னால்.

அவருக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. செப்டம்பரில் அவர் போய்ச் சேர்ந்தாரா என்று ஒரே காலையில் ஒன்பது முறை ஃபோன் அடித்தேன். கொட்டுகிற மழையில் ஓரம் கட்டி எடுத்தார். அன்றைக்குச் சத்தியம் வாங்கிக்கொண்டார். "பாப்பாவ நீ பாத்துக்க. வண்டிய நான் பாத்துக்குறேன். நீ அது பக்கமே போவாத."

போத்தலுக்கு வேறு மூடி தேட வேண்டும்.

புதன், 5

வெயில். துணி காய்ந்தது!

பிஸ்கட் தொழிற்சாலையில் ஆறு வருஷம் தரப் பரிசோதனை பார்த்த கை சும்மா இருக்காது. திங்கட்கிழமையே டயப்பர் அட்டைப்பெட்டியைப் பிரித்து வண்டிக்கு அடியில் போட்டேன். (வண்டியைத் தொடவில்லை. தரையைத்தான்.) சொட்டு விழுந்த இடத்தைப் பேனாவால் வட்டமிட்டுத் தேதி.

திங்கள்: 3
செவ்வாய்: 5
இன்று: 9, ஒன்று மூடி அளவு

எல்லாம் பின் சக்கரத்துக்கு முன்னால். அதுதான் பிடிக்கவில்லை.

காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் நீலப் புகை, வாசல் முழுக்க. பக்கத்து வீட்டு மணியம் அங்கிள் கேட்டுக்கு வந்து, "என்னம்மா, குச்சியில கறி சுடுற காஜாங் சாத்தே கடைய இங்க தொறந்துட்டானா உன் வீட்டுக்காரன்?" கு. சிரித்தார். "அங்கிளுக்கு பத்து குச்சி தாப்பாவ் கட்டித் தரவா?" ஹெல்மெட்டைப் போட்டதும் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன்.

நல்ல செய்தி ஒன்று: ஜன்னலின் அடியில் இன்று முதல்முறையாக ஒரு கீற்று எண்ணெய் தெரிந்தது. பாப்பாவுக்குக் காய்ச்சல் இறங்கினால் வருமே, அந்த மாதிரி நிம்மதி.

பாப்பாவுக்குக் கீழே ஒரு பல் வெள்ளையாகத் தெரிகிறது. அல்லது பால் ஒட்டியிருக்கிறதா?

வியாழன், 6

மூட்டம். மழை இல்லை.

கு. சீக்கிரம் வந்தார். ஐந்தரைக்கே. கைபேசியை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தார். தினேஷ் அண்ணன் குரல்: "மச்சான், மண்ணெண்ணெய் போட்டு நல்லா கழுவு. காயட்டும். அப்புறம் பவுடர் அடி. பத்து நிமிஷம் ஓட விடு. எங்க நனையுதோ அங்கதான் கசியுது."

"என்ன பவுடர்டா?"

"உன் மக போடுறதுதான் லா. வாசமா இருக்கும்."

பாப்பாவின் பவுடர் டப்பா பாதி காலி. இன்ஜின் முழுக்க வெள்ளை, குளிப்பாட்டி வைத்தது போல. நான் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றேன். அவள் கெக்கெக்கே என்று சிரித்தாள். வெகு நாளுக்குப் பிறகு மூவரும் சேர்ந்து சிரித்தது.

பத்து நிமிஷம். செம்பு வாஷர் மூட்டு: வெள்ளை, ஒரு பொட்டு ஈரமில்லை. அதற்குப் பின்னால், டர்போவின் அடியிலும் காற்று போகும் குழாயின் கீழும்: கறுப்பாகக் கொழகொழவென்று.

"எண்ணெய் மட்டம் பாத்தியா?" தினேஷ் அண்ணன்.

கு. குனிந்து பார்த்தார். "இருக்குடா. தெரியுது."

தெரிகிறது என்றால் நான் ஊற்றியதால்தானே என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட.

"அப்ப டர்போ சீல் போயிருக்கும் மச்சான். ஞாயித்துக்கெழம நானே வரேன்."

கு. ஃபோனை வைத்துவிட்டு, "அவன்கிட்ட போறதுக்கு முன்ன நல்லாத்தானே இருந்துச்சு," என்றார். என்னிடம் இல்லை, வண்டியிடம்.

வெள்ளி, 7

மழை. அவர் வர எட்டேகால். நான் ஃபோன் அடிக்கவில்லை. இரண்டு முறைதான் எடுத்து வைத்தேன்.

முழங்கையில் சேறு. கால்சட்டை ஓரத்தில் எண்ணெய். கேட்டதற்கு, "சுபாங் கிட்ட வளைவுல பின்னாடி டயர் லேசா வழுக்கிச்சு. விழல காயு. சுவத்துல கைய ஊனிட்டேன்." மோட்டார் லேனில். பக்கத்தில் லோரி இல்லாத லேன். அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன்.

பிறகு போர்ச்சில் நின்று தினேஷ் அண்ணனிடம் கத்தியது சமையலறை வரை கேட்டது.

"டயர்ல எண்ணெய்டா! உன்ன நம்பித்தானே குடுத்தேன்... ஆமா, நீ என்ன போட்டேன்னு எனக்கு எப்படித் தெரியும்? ... எனக்குப் புள்ள இருக்குடா தினேஷ்."

அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ. கு. கடைசியில், "பூச்சோங்ல ஒருத்தன் இருக்கான். நீ பாத்து சரியா வரலன்னா அவன்கிட்ட குடுத்து இன்ஜினையே பிரிக்கச் சொல்லிடுவேன்," என்றார்.

நாளை பஸ்ஸில் போங்கள் என்றேன். சரி என்றார். உடனே சரி சொன்னதுதான் பயமாக இருந்தது.

அவர் சோற்றைத் தொடவில்லை. பாப்பா இரண்டு முறை கக்கினாள்.

சனி, 8

எழுதத் தெம்பில்லை. காலையில் 90. வண்டி நகரவே இல்லை, ஆனாலும் ஊற்றினேன். பழக்கம்.

அட்டை: 4. நின்ற வண்டியே நாலு.

ஞாயிறு, 9

எங்கே தொடங்குவது.

தினேஷ் அண்ணன் பத்து மணிக்கு வந்தார். பாப்பாவுக்கு ஒரு கிலுகிலுப்பை. கு. "வா"கூடச் சொல்லவில்லை. தினேஷ் அண்ணன் நேரே போய் வண்டியை உந்தி டபுள் ஸ்டாண்டில் நேராக நிறுத்தினார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அதை நான் டபுள் ஸ்டாண்டில் பார்த்ததில்லை. டைல்ஸ் வழுக்கும் என்று எப்போதும் சைட் ஸ்டாண்ட், இடப்பக்கம் சாய்ந்தபடி. தரையில் உட்கார்ந்து ஜன்னலில் டார்ச் அடித்தார்.

"மச்சான், கோடே தெரியல."

"காலியா?"

"காலியா? கண்ணாடிக்கு மேல வரைக்கும் நிக்குதுடா. எவன்டா இவ்ளோ ஊத்துனது?"

"நான் ஒரு சொட்டு ஊத்தல. நீதான் ஊத்திக் குடுத்த."

தினேஷ் அண்ணன் பொறுமையாக விளக்கினார். எண்ணெய் அதிகமானால் டர்போவிலிருந்து திரும்பி இறங்கும் எண்ணெய்க்கு இடமில்லை. "அது எங்க போவும் சொல்லு. சீல தாண்டிப் புகையா போவும், மிச்சம் டயர்ல சொட்டும். சீல் நல்லாத்தான் இருக்கு." பிறகு, "நேரா நிறுத்தித்தான் மட்டம் பாக்கணும். சாஞ்ச வண்டியில பாத்தா எண்ணெய் எல்லாம் அந்தப் பக்கம் போயிடும். ஜன்னல் கோசோங்கா தெரியும்."

நான் கதவருகில் நின்றேன். பாப்பா என் தாலியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். நாள்களை எண்ணினேன். பதினைந்து காலை. 15 × 90 = 1350.

எண்ணெயை வடித்து ஒரு பிளாஸ்டிக் பேசினில் பிடித்தார்கள். ஒரு லிட்டருக்கு மேல். ஒழுகியது போக மிச்சம்.

தினேஷ் அண்ணன் கை கழுவப் பின்பக்கம் போனார். கொஞ்ச நேரம் ஆயிற்று. திரும்பி வந்து துணியில் கையைத் துடைத்தபடி, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நானாத்தான் இருக்கும் மச்சான். அன்னைக்குக் கடையில நாலு வண்டி. ரெண்டு தடவ ஊத்திருப்பேன்."

கு. எண்ணெய்ப் பேசினை ஓரமாகத் தள்ளினார். பிறகு, "இனிமே என் வண்டிய நீ தொட வேணாம்டா," என்றார்.

தினேஷ் அண்ணன் கருவிப் பெட்டியை மூடினார். தேநீர் ஆறிக் கிடந்தது. "வரேன் தங்கச்சி." அவ்வளவுதான்.

அவர் போனதும் வாஷிங் மெஷின் பின்னால் பார்த்தேன். பால் போத்தலை நான் எப்போதும் நிமிர்த்தித்தான் வைப்பேன். கவிழ்ந்திருந்தது. கழுவியிருந்தது. எண்ணெய் டின்னைத் துணியால் மூடி உள்ளே தள்ளியிருந்தார். டின்னின் மேல் கறுப்பாகக் கட்டைவிரல் ரேகை.

அவருக்குத் தெரியும். தெரிந்தே ஏற்றுக்கொண்டார். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கள், 10

வெயில். அட்டை: 0. வெறும் அட்டை. புகையும் இல்லை, மணியம் அங்கிள் "கடைய மூடிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கு. விசிலடித்துக்கொண்டு போனார். 7.50-க்கு அவராகவே மெசேஜ் போட்டார், சேர்ந்துவிட்டேன் என்று. அதைப் பார்த்து அழுதேன்.

இன்றைக்கு நாலு முறை சொல்லப் பார்த்தேன். சாப்பிடும்போது. துணி மடிக்கும்போது. பாப்பாவின் பல்லைக் காட்டும்போது (பல்தான், பால் இல்லை). மழை வருமா என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தேன். வாயால் முடியாது. அதனால் நோட்டைத் திருப்பி, நாளை அவர் கிலோமீட்டர் எழுதும் பக்கத்திலேயே எழுதுகிறேன். முன்பக்கத்தில்.

என்னங்க,

தினேஷ் அண்ணன் இரண்டு தடவை ஊற்றவில்லை. ஊற்றியது நான். அக்டோபர் 25-லிருந்து நவம்பர் 8 வரை, தினமும் காலை, நீங்கள் குளிக்கும்போது, 90 மி.லி. சாய்ந்த வண்டியில் ஜன்னலைப் பார்த்துக் காலி என்று நினைத்தேன். அந்த அரை நிமிஷம் உங்களுக்கு நடுவழியில் வந்துவிடும் என்று பயந்தேன். சுபாங் வளைவில் உங்களை வழுக்க வைத்தது என் எண்ணெய்.

சத்தியத்தை மீறினேன். ஒன்பது ஃபோன் அடிக்காமல் இருக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. இந்தப் பயம் சரியாகிவிடும் என்று நானாகச் சொல்லிக்கொள்வது போதவில்லை. கிளினிக்கில் யாரிடமாவது பேச வேண்டும் என்று நினைக்கிறேன். நீங்களும் கூட வர வேண்டும்.

தினேஷ் அண்ணன் நான் ஊற்றிய போத்தலைப் பார்த்துவிட்டார். எனக்காகப் பழியை எடுத்துக்கொண்டார். நாளை கடைக்குப் போகும் முன் அவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். நான் இருக்கும்போதே பேசுங்கள், மிச்சத்தை நான் சொல்கிறேன்.

நம்பாவிட்டால் பின்பக்கத்திலிருந்து படியுங்கள். எல்லாம் தேதியோடு இருக்கிறது.

என்னைத் திட்டுவதானாலும் சரி, இதற்குக் கீழே இரண்டு வரி எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள்.