ஆயிரத்துப் பதினாறு

வயாலா,
பிப்ரவரி 9

அன்புத் தம்பி கிரேமுக்கு,

அக்கா நொலீன் எழுதுவது. நீயும் ஜெனெட்டும் டாஸ்மேனியாவில் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். ஆப்பிள் பறிப்பு தொடங்கியிருக்கும். ஏணியில் ஏறும் வேலையை வேறு யாரிடமாவது விட்டுவிடு. இங்கே நேற்று நாற்பத்து மூன்று டிகிரி. உன் அத்தான் ரெக்ஸுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் கிளப்புக்குப் போய்ப் புல்தரையில் பந்து உருட்டி விளையாடாமல் இருக்க மாட்டேன் என்கிறார்.

நான்கு நாட்களாக இந்தக் கடிதத்துக்கு உட்காருவதும் எழுந்துபோவதுமாக இருக்கிறேன். நான் மறுபடி ஷெட்டில் பீர் தயாரித்தேன். கோபப்படாதே, முழுதும் படி.

பீருக்கு நாம் வழக்கமாக வாங்கும் மால்ட் பாகு டின்னைப் போன மாதம் கடையில் பார்த்தேன். கை தானாக எடுத்துவிட்டது. ஒரு கிலோ சர்க்கரை, இருபத்து மூன்று லிட்டர் தண்ணீர், எல்லாம் அன்று போட்ட அளவுதான். முதல் அளவே தடுமாறியது. பீப்பாயின் குழாயில் கொஞ்சம் பிடித்து, சர்க்கரை அளக்கும் கண்ணாடி மிதவையைப் போட்டால் ஆயிரத்து ஐம்பதுக்கு மேலே காட்டியது. பாகு அடியிலும் பிறகு ஊற்றிய தண்ணீர் மேலேயுமாக நின்றிருக்கிறது. நீயாக இருந்தால் பார்த்தவுடனே சொல்லியிருப்பாய். நன்றாகக் கலக்கி, சூடு ஆறவிட்டு மறுபடி பார்த்தேன். ஆயிரத்து முப்பத்தெட்டு. வெறும் தண்ணீரிலும் போட்டுப் பார்த்தேன், மிகச் சரியாக ஆயிரம். அது நம்முடைய அதே பழைய மிதவை. பழியை அதன் மேல் போட வழியில்லை.

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன எண் இறங்கும், இறங்குவது நின்றால்தான் பாட்டில் என்று நீதானே எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. ஒரு நாளைக்கு நான்கு தடவை ஷெட்டுக்குப் போய் அளந்தேன். குடிப்பதற்கு ஒரு டம்ளராவது மிச்சம் வைப்பாயா என்று ரெக்ஸ் கேலி செய்தார்.

ஆறாம் நாள் ஆயிரத்துப் பதினாறு. ஏழாம் நாள் காலையிலும் பதினாறு. அந்த நிமிடம் எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதவே வெட்கமாக இருக்கிறது. அப்புறம்தான் கவனித்தேன், மிதவையைச் சுற்றிக் குமிழிகள் ஒட்டிக்கொண்டு அதைத் தூக்கிப் பிடித்திருந்தன. விரலால் சுழற்றிவிட்டேன். குமிழிகள் விலகின. மிதவை பதினான்குக்கு இறங்கியது. எட்டாம் நாள் பன்னிரண்டு. பத்தாம் நாள் பத்து. அதற்கு மேல் அசையவில்லை.

அது பதினாறிலேயே நிற்க வேண்டும் என்று நான் ஏன் வேண்டினேன் தெரியுமா?

இரண்டு வருஷத்துக்கு முன் அந்த மார்ச்சில், வெள்ளிக்கிழமை பதினாறு காட்டியது. நீ துறைமுகத்துக்குக் கிரேன் வேலைக்குக் கிளம்பும்போது, "இன்னும் ரெண்டு நாள் பாருக்கா. அதே நம்பர் நின்னா மட்டும் பாட்டில்ல ஊத்துவோம்" என்று சொல்லிவிட்டுப் போனாய். சனிக்கிழமை நான் ஷெட் பக்கமே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் போகவில்லை. ஒரே வெயில், சோம்பல். ஈஸ்டருக்கு பீர் தயாராகிவிடும் என்று கிளப்பில் பெருமையடித்தும் இருந்தேன். சமையலறை மேஜையில் உட்கார்ந்தபடி நோட்டில் இரண்டு நாளுக்கும் பதினாறு, பதினாறு என்று எழுதினேன். சாயங்காலம் நீ வந்தாய். நோட்டைப் பார்த்தாய். என் எழுத்தை நம்பி, நுரைக்காகப் போடும் ஒரு கரண்டிச் சர்க்கரையோடு பாட்டில்களில் ஊற்றி மூடினாய்.

பாட்டில் உன் முகத்தருகே வெடித்த அன்று, ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கண்ணோடு, "தப்பு என் மேலதான்க்கா. சர்க்கரைய ரெண்டு தடவ போட்டுட்டேன் போல" என்றாய். உன் பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. கிரேன் வேலை போனபோதும் திறக்கவில்லை. நீ வீட்டை விற்றுவிட்டுப் போனபோதும் இல்லை. நீ சர்க்கரையை வாரிக் கொட்டிவிட்டதாக ரெக்ஸ் கிளப்பில் சொல்லிக்கொண்டிருந்தார்; நான் சாண்ட்விச் வெட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

நீ சர்க்கரையைச் சரியாகத்தான் போட்டாய், கிரேம். உள்ளே ஏற்கெனவே ஈஸ்ட் தின்று முடிக்காத சர்க்கரை இருந்தது; அதுதான் மூடிய பாட்டிலுக்குள் வாயுவாகி வெடித்தது. நான் பார்க்கவில்லை. பார்த்ததாக எழுதினேன். இந்தத் தடவை அது பதினாறிலேயே நின்றிருந்தால், அன்றும் அப்படித்தான் நின்றிருக்கும் என்று என்னை ஏமாற்றிக்கொண்டிருப்பேன்.

நேற்று ரெக்ஸிடம் சொல்லிவிட்டேன். டிவியை அணைத்தார். பிறகு, கிளப்பில் தானே எல்லோரிடமும் சொல்லிவிடுவதாகச் சொன்னார். நான்தான் சொல்ல வேண்டும் என்றேன். புதன்கிழமை போகிறேன்.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இதை ஜெனெட்டிடம் படித்துக் காட்டு; அவளும் உன் கையைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பாள். நீ பதில் எழுதினாலும் எழுதாவிட்டாலும் சரி. தினமும் நான் வேண்டிக்கொள்வது ஒன்றுதான்: உனக்கு மிஞ்சியிருக்கும் வலது கண்ணுக்கு ஒரு குறையும் வராமல் நீ நெடுநாள் வாழ வேண்டும்.

உன் அக்கா,
நொலீன்