உன் முகத்துக்கு எவ்வளவு நீலம்?

மச்சான்,

உன் முகம் மேசைமேல் கிடக்கிறது; மை வாடை இன்னும் போகவில்லை. முதலாண்டு நினைவு அட்டைக்கு, நீ வேலை பார்த்த தாம்பரம் அச்சகத்திலேயே மாதிரிக்கு எடுத்த புரூஃப். கீழே வேத வசனம். சிங்கப்பூர்ச் சித்தப்பா எடுத்தாரே, உன்னுடைய ஒரே கலர் போட்டோ, அதிலிருந்து அடித்தது. மற்றதெல்லாம் கறுப்பு வெள்ளை. அவற்றில் உன்னைப் பல்லை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் மட்டும் என்ன சந்தனக் கட்டையா? பவுடர் தயவில் நடமாடுகிறேன்.

புரூஃபில் நீ எலுமிச்சம்பழ நிறம். "ராஜா மாரி கீறாரு" என்று உன் மச்சினன் பூரித்துப்போனான். உன் மனைவி வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது யாருண்ணா?" என்றாள்.

காலண்டர் அடித்த உனக்குத் தெரியாததா? முதலில் மஞ்சள் ஓடும், முகத்தில் காமாலை. மேலே சிவப்பு, கள் குடித்த முகம். அதன்மேல் நீலம் விழுந்தால்தான் நம் ஊர்த் தோல். கடைசியாகக் கறுப்பு, மீசைக்கும் விழிக்கும். நீலத்தைக் குறைத்தால் எவரும் சிவப்பாகிவிடலாம். கன்னம் வெளுக்காத லட்சுமியை எந்த மளிகைக்கடை வாங்கும்? மிஷினருகே நின்று நீயே சொல்வாய்: "எனக்கு மூணு மையும் முழுசா வேணும்டா. வெள்ளக்காரனுக்கு ஒண்ணரை போதும்."

அச்சகத்துக்கு ஓடினேன். உன் இடத்தில் இப்போது நிற்கும் மிஷின்காரர், "மூஞ்சின்னா நீலம் கொறச்சித்தான் சார் வுடுவோம். ஏத்தலாம். ஆனா வெள்ள சட்டைலயும் நீலம் பாயும். எவ்ளோ கறுப்பு, சொல்லுங்க" என்றார்.

ஊர்க்கதை முழுக்க ருசித்துப் பேசுகிறவன் நான். பள்ளிக்கூட நாளிலிருந்து கூடவே சுற்றிய உன் நிறத்தைச் சொல்ல வாய் வரவில்லை. என் முழங்கையை நீட்டி, "இதைவிடக் கொஞ்சம் கூட" என்றேன்.

"கொஞ்சம்னா?"

காலை வரை காத்திருப்பதாகச் சொன்னார்.

திரும்பும்போது பல்லாவரம் பஸ்ஸில் கண்டக்டர் சில்லறைக்குக் கை நீட்டினார். அந்தப் புறங்கை, மச்சான், நீதான். பையிலிருந்த புரூஃபை எடுத்து அதனருகே பிடித்தேன்.

"இன்னா சார், டிக்கெட் கேட்டா போட்டோ காட்ற?"

பஸ்ஸே சிரித்தது.

"கொஞ்சம் கையை எடுக்காதீங்க. செத்துப்போன சிநேகிதன்" என்றேன்.

அவர் எடுக்கவில்லை.

சட்டை நீலமானால் ஆகட்டும். அதன்பின் வீடு வரும்வரை யார் கையையும் பார்க்காமல் வந்தேன், என் கையைக்கூட. கண்ணில் நிற்கும் அந்த நிறம் கலந்துவிடக் கூடாதே.