ராசுவின் வண்டி

மே 6, 2025, செவ்வாய்

மாறுதல் ஆணை வந்துவிட்டது. வெண்ணந்தூர் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையம். ஜூன் இரண்டாம் தேதி வேலையில் சேர வேண்டும். பதினொரு வருஷம் இந்தக் கொல்லிமலையில் ஊசி போட்டாயிற்று. நானே எழுதிக் கேட்டு வாங்கிய மாறுதல்தான். வெண்ணிலா ஒன்பதாவது போகிறாள், கீழே நல்ல பள்ளிக்கூடம் என்று காரணம் எழுதியிருந்தேன்.

அது மட்டுமா காரணம்?

சாயங்காலம் கீழிருந்து பைக் ஏறி வரும் சத்தம் கேட்டால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுகிறேன். என் புருஷன் மதி செத்து இரண்டரை வருஷம் ஆகிறது. என் காதுக்கு அது இன்னும் தெரியவில்லை. கியர் மாற்றுவதை வைத்தே எந்த வளைவில் வருகிறது என்று சொல்லிவிடுவேன். இன்றைக்கும் வந்து நின்றேன். யாரோ மிளகு வியாபாரி.

“யாரும்மா?” என்றாள் வெண்ணிலா.

யாருமில்லை என்றேன்.

மே 9

சேலத்தில் வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் கம்பெனிக்குப் போன் செய்தேன். அந்தப் பெண் நன்றாகத்தான் பேசினாள். எத்தனை பீரோ, எத்தனை கட்டில், மாடி வீடா. கொல்லிமலை என்றதும் “ஒரு நிமிஷம் மேடம்” என்று உள்ளே யாரையோ கேட்டாள். “அந்த எழுபது வளைவுல எங்க வண்டி திரும்பாதுங்களாம் மேடம். நீங்க அடிவாரம் வரைக்கும் கொண்டு வந்துட்டா அங்கிருந்து நாங்க எடுத்துக்கறோம்.”

அடிவாரம் வரைக்கும் கொண்டு வர முடிந்தால் நான் ஏன் உன்னைக் கூப்பிடுகிறேன்.

மே 14

நாமக்கல்லிலிருந்து ஒரு ஏஜெண்டு நேரிலேயே பார்க்க வந்தார். வரும் வழியில் மூன்று தடவை வாந்தி. வந்ததும் எலுமிச்சை ஜூஸ் போட்டுக் கொடுத்தேன். சுவரோரம் உட்கார்ந்துகொண்டே பீரோவையும் கட்டிலையும் கண்ணால் அளந்தார். இருபத்தெட்டாம் தேதி வண்டி வரும் என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் இறங்கினார்.

மே 17

வண்டி வராது. டிரைவர் மாட்டேன் என்கிறாராம்.

மே 18, ஞாயிறு

பக்கத்து வீட்டு அங்கம்மாள் அக்கா அட்டைப்பெட்டிகள் கொண்டு வந்தாள். இரண்டு பேரும் பாத்திரங்களைப் பழைய துணியில் சுற்றி அடுக்கினோம். வண்டி கிடைக்காத கதையைச் சொன்னேன்.

“லோடு வச்சுக்கிட்டு இந்த ரோட்டுல பதனமா இறங்கறதுக்கு ஒரே ஆளுதான் இருக்கான்” என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். “வேண்டாம் விடு, பிரபா. வேற பாக்கலாம்.”

அவள் யாரைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். நான் யாரென்று அவனுக்கும் தெரியும். ராசு. முப்பத்தெட்டாம் வளைவில் மதியின் பைக்கில் மோதிய மினி லாரியை ஓட்டியவன். கோர்ட்டில் ஒருமுறை தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஐம்பது வயது இருக்கும். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நின்றிருந்தார்.

அவன், அவர் – எப்படி எழுதுவது என்று கூடத் தெரியவில்லை.

அட்டைப்பெட்டியில் அக்கா அடுத்து எடுத்துவைத்தது மிக்சி ஜார். “புதுசாட்டம் இருக்குது. மிக்சி எங்க?” என்றாள். மிக்சியை அப்போதே யாருக்கோ கொடுத்துவிட்டேன். ஜாரைக் கொடுக்க முடியவில்லை. அன்றைக்கு மதியின் பையில் இருந்தது. ஒரு கீறல் கிடையாது.

மே 21

எழுதிவிடலாம். இந்த நோட்டில் கூட எழுதாமல் வைத்திருந்தால் என்ன நர்சு நான்.

2022 நவம்பர், சாயங்காலம் ஐந்தே முக்கால். நல்ல பனி. மதி கீழே பள்ளிக்கூட வேலை முடிந்து ஏறி வருகிற நேரம் என்று தெரியும். தெரிந்தேதான் போன் செய்தேன். மிக்சி ஜாரைச் சரி செய்து வாங்கினாரா என்று கேட்பதற்கு. அவர் எடுத்தார். ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு பேசுவது அவர் பழக்கம். பேசிக்கொண்டிருக்கும்போதே என்னவோ சத்தம். அப்புறம் ஒன்றும் இல்லை. அப்புறம் லைன் கட்டாகிவிட்டது. பேச்சுக்கு நடுவில் கட் பண்ணிட்டாரே என்று கோபம் எனக்கு. கோபம். அந்தக் கோபத்தில் மறுபடி நாலு தடவை அடித்தேன்.

ஸ்டேஷனில் ஏட்டையா சொல்லச் சொல்ல எழுதினார்கள். ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து’. நான் எதைப் பார்த்தேன்? கையெழுத்துப் போட்டேன். போனில் அன்றைய அழைப்புகளை அன்றைக்கே அழித்தேன். யாரும் கேட்கவில்லை. புருஷனைப் பறிகொடுத்தவளை யார் என்ன கேட்பார்கள்?

கேஸ் நடக்கிறது. ராசு ஒவ்வொரு வாய்தாவுக்கும் போய் நிற்கிறார். என் சாட்சி இன்னும் வரவில்லை.

மே 22

அக்காவிடம் நம்பர் வாங்கிப் போன் செய்தேன். வேறு வண்டி கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும்தானா? கேட்டுக்கொள்ளாமல் அடித்துவிட்டேன்.

“ஹலோ” என்றேன். பதில் இல்லை. “ஹலோ, கேக்குதா?” என்றேன். மூச்சு மட்டும் கேட்டது.

“கேக்குதுங்க. சொல்லுங்க நர்சம்மா.”

நான் யாரென்று அதுவரை சொல்லவே இல்லை.

வீடு எங்கே என்று கேட்கவில்லை. சாமான் எவ்வளவு என்று கேட்கவில்லை. வியாழக்கிழமை காலையில வாரேனுங்க என்றார்.

மே 24

வெண்ணிலாவிடம் சொன்னேன். புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தவள் எழுந்துவிட்டாள்.

“அந்த ஆளா? அப்பாவைக் கொன்ன ஆளு நம்ம கட்டிலைத் தூக்கணுமா?”

“வேற வண்டி வரமாட்டேங்குது, சாமி.”

“அப்ப இங்கயே கெடக்கட்டும் எல்லாம். நான் அந்த வண்டியில ஏறமாட்டேன்.”

கொன்ன ஆளு. இந்த வார்த்தையை நான்தான் அவளுக்குக் கொடுத்தேன். ஒருநாளும் என் வாயால் சொன்னதில்லை. மறுத்ததும் இல்லை.

மே 30, வெள்ளி. வெண்ணந்தூர்

நேற்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

வெண்ணிலா முதல் பஸ்ஸில் அங்கம்மாள் அக்காவோடு இறங்கிவிட்டாள். வண்டி எட்டு மணிக்கு வந்தது. கூட இரண்டு சுமைக்காரர்கள். ராசு என் முகத்தைப் பார்க்கவில்லை. பீரோவை முதலில் ஏற்றிக் கேபினை ஒட்டி நிறுத்தி, சுற்றிலும் மெத்தையைக் கொடுத்துக் கயிறு போட்டார். ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தார். மதியின் போட்டோவைச் சுமைக்காரர் ஒருவர் கொண்டுவந்தபோது, “அதைய அம்மாகிட்ட குடுத்துரு” என்று மட்டும் சொன்னார்.

சாமான் எடுத்ததும் வீடு வேறு வீடாகிவிட்டது. கூப்பிட்டால் திருப்பிக் கூப்பிடுகிறது. நான் கூப்பிட்டுப் பார்த்தேன். என்ன பேரென்று எழுத வேண்டியதில்லை.

புது வீட்டுக்கு வழி காட்ட ஆள் வேண்டும். அதனால் கேபினில் நானும் ஏறினேன், மடியில் போட்டோவோடு. சுமைக்காரர்கள் பின்னால். இரண்டாவது கியரிலேயே இறக்கினார். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஹாரன். நீளமாக, நிறுத்தாமல். வளைவு எண் குறைந்துகொண்டே வந்தது. நாற்பது. முப்பத்தொன்பது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திரும்புகிறது தெரிந்தது. ஹாரன் நிற்கவே இல்லை.

அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ரோடு அகலமாக இருந்த இடத்தில் நிறுத்தினார். “பிரேக்கு சூடாயிருச்சுங்க. பத்து நிமிசம் ஆறோணும்.” சுமைக்காரர்கள் இறங்கி ஓடைப் பக்கம் போனார்கள். அவர் சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு வந்து கீழே நின்றார். ரப்பர் தீய்ந்த வாடை.

இறங்கி வந்து சொன்னேன். “அன்னிக்கு நான்தான் போன் பண்ணினேன். அவரு எடுத்துப் பேசிட்டிருந்தாரு.”

“தெரியுங்க.”

கேபின் படியைப் பிடித்துக்கொண்டேன்.

“போனு ரோட்டுல கெடந்துச்சுங்க. உங்க குரலு வந்துட்டே இருந்துச்சு. ஹலோ, கேக்குதா, ஹலோ, கேக்குதான்னு. நான்தான் எடுத்தனுங்க. என்ன சொல்றதுன்னு தெரியலீங்க. அமத்திட்டேன்.”

கட் பண்ணியது மதி இல்லை.

“மறுபடி மறுபடி அடிச்சீங்க. கையில புடிச்சுட்டே நின்னனுங்க. இப்பவும் எந்தப் போனு அடிச்சாலும் எடுக்கறதுக்கு முந்தி உங்க குரலு கேக்குதுங்க. போன வாரம் நெசமாவே கேட்டப்ப –”

“கோர்ட்டுல ஏன் சொல்லலை?”

“வக்கீலு சொல்லச் சொன்னாருங்க. அப்புடிச் சொல்லிப்போட்டு அந்தப் புள்ள மூஞ்சிய நான் எப்புடிப் பாக்கறது?” பிறகு சக்கரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “நானும் அன்னிக்கு ஹாரன் அடிக்கலீங்க. அடிச்சிருந்தா அவரு ஓரங்கட்டியிருப்பாரோ என்னவோ. அதைய நானும் எங்கயும் சொல்லலை.”

இரண்டு பேரும் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். கீழே சமவெளி முழுக்க வெயில். நாங்கள் நின்ற இடத்தில் நிழல்.

சாமான் ஒன்றுகூட உடையாமல் வந்து சேர்ந்தது.

ஜூன் 7

இந்தத் தெருவில் மூன்று வீட்டில் விசைத்தறி. காலையிலிருந்து தடதடவென்று ஒரே சத்தம். பைக் வந்தாலும் தெரியாது, யார் வந்தாலும் தெரியாது. நிம்மதி என்று நினைத்தேன். நேற்று மத்தியானம் மின்சாரம் போய்த் தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. கையில் இருந்த சொம்பை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடியிருக்கிறேன்.

அந்தக் காதை மலையில் விட்டுவிட்டு வரவில்லை. அதையும் ஏற்றிக்கொண்டுதான் வந்திருக்கிறேன்.

ஜூலை 11

சம்மன். இருபத்திரண்டாம் தேதி நான் சாட்சி சொல்ல வேண்டும்.

ஜூலை 21, திங்கள்

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வெண்ணிலாவை உட்காரவைத்துச் சொன்னேன். கோர்ட்டில் சொல்லி அப்புறம் அவள் காதுக்குப் போகக் கூடாது. போன் செய்தது, கையெழுத்துப் போட்டது, அழித்தது. குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. முடித்ததும் என்னையே பார்த்தாள்.

“நீதானா?”

அவ்வளவுதான். எழுந்து போய் யூனிபார்மைத் துவைக்கப் போட்டாள்.

ஜூலை 22

சொல்லிவிட்டேன். அரசு வக்கீலுக்குக் கோபம். அவர் தரப்புக்கே எதிராகச் சொன்னதால் பிறழ் சாட்சி என்று போட்டுவிட்டார்கள். யாராவது மிரட்டினார்களா என்று நீதிபதி கேட்டார். இல்லைங்க என்றேன். காசு கொடுத்தார்களா? இல்லைங்க. பின்னே ஏன் இப்போது?

“கேட்டுக்கிட்டே இருக்குதுங்க” என்று வாயில் வந்துவிட்டது. என்ன கேட்கிறது என்று அவர் கேட்கவில்லை. எழுதிக்கொள்ளவும் இல்லை.

ஆகஸ்ட் 7

ராசு விடுதலை.

கோர்ட்டு வாசலில் என்னைப் பார்த்தார். கும்பிடவில்லை, நன்றி சொல்லவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்தது. “புள்ள எப்புடி இருக்குதுங்க?” என்று கேட்டார். பேசமாட்டேங்குது என்றேன். தலையை ஆட்டிவிட்டு டீக்கடைப் பக்கம் நடந்தார். வேகமாக நடக்கவில்லை, மெதுவாகவும் இல்லை. சும்மா வேலைக்குப் போகிற ஆள் மாதிரி.

ஆகஸ்ட் 11, திங்கள்

மூன்று வாரமாக வெண்ணிலா தானே தலை பின்னிக்கொள்கிறாள். ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி இருக்கும். சாப்பாட்டு டப்பாவை எடுப்பாள், செருப்பை மாட்டுவாள், ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விடுவாள்.

இன்றைக்குக் காலையில் சீப்பையும் ரிப்பனையும் கொண்டுவந்து எனக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். வகிடு எடுத்தேன். ஒரு சடை முடித்து இரண்டாவது ஆரம்பிக்கும்போது கேட்டாள்.

“அப்பா கடைசியா என்ன சொன்னாரு?”

கோர்ட்டில் யாரும் இதைக் கேட்கவில்லை. ராசுவும் கேட்கவில்லை. இந்த நோட்டிலும் நான் எழுதவில்லை.

“இரு, வளைவுல இருக்கேன்னாரு.”

“நீ?”

“நான் இருக்கலை. பேசிக்கிட்டே இருந்தேன்.”

தறிச் சத்தத்தில் அவள் அழுதாளா என்று தெரியவில்லை. முதுகு மட்டும் என் முழங்காலில் வந்து சாய்ந்தது. அப்புறம், “ரிப்பனை இறுக்காதம்மா, வலிக்குது” என்றாள்.

தளர்த்திக் கட்டினேன்.

பையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவள் திரும்பாமலே, “வாரேன்” என்றாள்.