நாலாவது வரியில் ஒரு கனைப்பு

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் சண்டையாகிறது, அதனால் எழுதுகிறேன். குட்டி வாசிக்கிறாள்! எழுத்துகள் குழம்புகிற அந்த டிஸ்லெக்சியாவுக்கென்று பயிற்சியாளர் கொடுத்த பத்துப் பக்கப் பாடம்தான். தினமும் சமையலறை மேசையில் இருபது நிமிடம். நான் விரல் வைத்து ஒரு வரி படிப்பேன், அவள் திருப்பிப் படிப்பாள். இப்போது பத்துப் பக்கமும் தடங்கல் இல்லை. அவள் குரலைப் பதிவு செய்து அனுப்பியிருக்கிறேன். கேட்டுவிட்டாவது நம்பு. அடுத்த மாதம் பள்ளியில் வாசிப்புத் தேர்வு. தேறினால் நாலாம் வகுப்பு, இல்லையென்றால் மறுபடியும் மூன்றுதான்.

உன் தங்கை

மார்ச் 11

தங்கச்சிக்கு,

மூன்று முறை கேட்டேன். நாலாவது வரியில் குட்டி கனைக்கிறாள். எட்டு வயதுப் பிள்ளைக்கு எதற்குக் கனைப்பு? அது உன்னுடையது. வரி நீண்டால் நீ சின்ன வயதிலிருந்தே கனைப்பாய். அவள் பக்கத்தைப் படிக்கவில்லை, உன்னைப் படிக்கிறாள். பக்கங்களை முன்பின்னாக மாற்றிக் கொடுத்துப் பார். பயிற்சியின் மேல் எனக்குச் சந்தேகமில்லை. உன் மேல்தான்.

அக்கா

மார்ச் 19

அக்காவுக்கு,

கல்லூரியில் உனக்குப் பட்டம் கொடுத்தவர்கள் அதோடு சந்தேகத்தையும் சேர்த்துச் சுருட்டிக் கொடுத்துவிட்டார்கள். கோபத்தில்தான் ஏழாம் பக்கத்தை முதலில் வைத்தேன். அதைப் பார்த்துக்கொண்டே முதல் பக்கத்தைக் கடகடவென்று ஒப்பித்தாள். கனைப்போடு.

"ஏண்டி, இது அந்தப் பக்கம் இல்லையே?"

"நீதானே மாத்தி வச்சே? என்கிட்ட ஏன் கத்துறே?"

பயிற்சியாளரிடம் சொன்னேன். "நீங்க முந்திப் படிக்கக்கூடாதுன்னு அன்னைக்கே சொன்னேனேம்மா" என்றார். சொன்னார்தான். அவள் திணறும்போது என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. இப்போது தினமும் புதுச் சொற்கள், புது வரிகள். நான் வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு உட்கார்கிறேன்.

தங்கை

ஏப்ரல் 2

தங்கச்சிக்கு,

இத்துடன் ஒட்டிய உறை ஒன்று, குட்டிக்கு. நீ பிரிக்காதே. ஓரத்தில் குறி வைத்திருக்கிறேன், பிரித்தால் தெரிந்துவிடும்.

அக்கா

ஏப்ரல் 9

அக்காவுக்கு,

தொடவில்லை, போதுமா? கதவைச் சாத்திக்கொண்டு முக்கால் மணி நேரம் உள்ளேயே இருந்தாள். "பெரியம்மா என்னடி எழுதியிருக்கா?" என்றால், "அது எனக்கு வந்தது" என்கிறாள். படிக்க முடியாமல் மறைக்கிறாள் என்று தோன்றுகிறது. தேர்வுக்கு ஒரு வாரம்தான். போதாக்குறைக்கு என் கண்ணாடியை நாளெல்லாம் தேடினேன். சர்க்கரை டப்பாவுக்குள் கிடந்தது! கேட்டால் சிரிக்கிறாள்.

தங்கை

ஏப்ரல் 12

தங்கச்சிக்கு,

நான் எழுதியது இரண்டே வரி: "அம்மாவின் கண்ணாடியைச் சர்க்கரை டப்பாவில் ஒளித்து வை. யாரிடமும் சொல்லாதே."

தேர்வன்று நீ வாசலிலேயே நில். அவள் திணறினால் திணறட்டும். தண்ணீர் எடுத்துப் போ.

உறையில் நான் குறி எதுவும் வைக்கவில்லை.

அக்கா