நடுவில் நிற்கிற வேலை

மார்ச் 3
முட்டிக்குப் பார்க்கும் மருத்துவர் இன்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். "பாடுறதுக்கு ஒண்ணும் தடையில்லம்மா. ரொம்ப நேரம் நிக்கிறதுதான் கூடாது."

நான் பாடுவதைவிட நிற்பதுதான் அதிகம் என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது? எங்கள் ராக் குழுவின் பெரிய பாட்டு இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஓடும். முதலில், ஊதாக் கடல் மூச்சு விடுகிறது என்று நாலு வரி பாடுவேன். கடைசியில், அதே கடல் மூச்சை நிறுத்துகிறது என்று நாலு வரி. எழுதியவர் என் வீட்டுக்காரர். அர்த்தம் அவருக்கும் தெரியாது. நடுவே இருப்பதெல்லாம் இவருடைய கிதார்தான். அது முடியும்வரை, வண்ண விளக்குகள் சுழல, தொளதொள அங்கி தரையைப் பெருக்க, கண்ணை மூடிக்கொண்டு நிற்பேன். தியானம் என்று ரசிகர்கள் நினைக்கிறார்கள். பாதி நாள், அடுப்பை அணைத்தோமா என்றுதான் யோசித்துக்கொண்டிருப்பேன்.

மார்ச் 5
கிதாரைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொன்னேன். இவர் முகம் தொங்கிப்போயிற்று. "அது என் கையில இல்லம்மா" என்றார். பின்னே, பக்கத்து வீட்டுக்காரர் கையிலா இருக்கிறது?

மார்ச் 6
பேச்சுவார்த்தை இல்லை. உப்பு வேண்டுமானால் மகள் வழியாகக் கேட்கிறார்.

மார்ச் 9
வருகிற கச்சேரியோடு நிறுத்திக்கொள்ளலாமா? நான் போனால் யாருக்கு நஷ்டம்? எட்டு வரியை யாராவது ஒரு சின்னப் பெண் பாடிவிடுவாள். நிற்கவும் செய்வாள் — என்னைவிட ஒயிலாகவே.
இத்தனை வருடமும் நான் வெறும் அலங்காரம்தானா?
சனிக்கிழமை ஒத்திகை முடிந்ததும் சொல்லிவிடுகிறேன்.

மார்ச் 14
ஒத்திகை. என் நாலு வரியைப் பாடிவிட்டு, கிதார் தொடங்கியதும் நைசாக அடுத்த அறைக்குப் போய்விட்டேன். தேநீர் போட்டுக் குடித்தேன். கோப்பையைக் கழுவினேன். மற்றவர்கள் கோப்பைகளையும் கழுவினேன். கிதார் ஓய்கிறபாடில்லை. ஏறுகிறது, இறங்குகிறது, விலாசம் தெரியாத ஆள் மாதிரி ஒரே தெருவைச் சுற்றிச் சுற்றி வருகிறது.

டிரம்ஸ் சத்தம் நின்றது. வாசிக்கிற கொழுந்தனார் வேர்த்து விறுவிறுக்க வந்து நின்றார்.
"அண்ணி, வந்து நில்லுங்க. என் கை விட்டுப்போச்சு. உங்களப் பாக்காம அண்ணனுக்கு முடிக்கத் தெரியல."
"என்னப் பாத்து என்ன?"
"பாட வர்றதுக்கு முன்னாடி மூச்சு இழுப்பீங்கல்ல, தோள் ஏறும். அதப் பாத்துத்தான் அவர் முடிப்பார். ஏன், உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாதே! கண்ணை மூடிக்கொண்டு நின்றவளுக்கு எப்படித் தெரியும்? இவர் முடிக்கப்போகிறார் என்று தோன்றினால்தான் நான் மூச்சை இழுப்பேன். நான் இழுக்க மாட்டேனா என்று இவர் வாசித்துக்கொண்டே இருந்திருக்கிறார். இதைத்தான் ஊரெல்லாம் காவியம் என்று கொண்டாடிக்கொண்டிருக்கிறது.

"சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?" என்று போய் இவரைப் பிடித்துக்கொண்டேன்.
"நீ கண்ண மூடி ரசிச்சுக் கேக்கிறன்னு நெனச்சேன். பாதியில நிறுத்தினா வருத்தப்படுவியோன்னு…"

அடுப்பு விவகாரத்தை நான் சொல்லவில்லை. விலகும் பேச்சையும் எடுக்கவில்லை. வீடு வரும்வரை சிரிப்பு. நடுவில் கொஞ்சம் அழுகை. நான் சும்மா நிற்கவில்லை என்கிற சந்தோஷத்தில் வந்த அழுகைதான்.

மார்ச் 21
கச்சேரி. மேடை நடுவில் எனக்கு ஒரு உயரமான நாற்காலி. கண்ணை மூடவில்லை. இவர் என் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார் — மணி அடிக்கக் காத்திருக்கும் பள்ளிப் பிள்ளைபோல. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பலகைக்குப் பின்னாலிருந்து மகள், 'போதும், இழும்மா' என்று சைகை காட்டினாள். இழுக்கவில்லை. அடுப்பை மறந்துவிட்டு ஒருமுறை முழுசாகக் கேட்டேன். மனிதர் நன்றாகத்தான் வாசிக்கிறார்.

இறங்கும்போது விரல்களை ஊதிக்கொண்டே, "இன்னைக்கு ரொம்ப நேரம் விட்டுட்டியே" என்றார்.
"நல்லா இருந்துச்சு, விட்டேன்" என்றேன்.
மனிதருக்கு வெட்கம் வந்துவிட்டது.